பில் விதர்ஸ்: நிறுத்தினாரா, நிறுத்தப்பட்டாரா?

ஒலிநாடா:

இந்த மன்றத்தின் சோல் பிரிவில் (தேவாலயப் பாட்டில் வேர்விட்ட அமெரிக்கக் கறுப்பர் இசை) ஓட்டிஸ் ரெடிங்குக்கு ஓர் இழை ஓடுகிறது. அரீத்தா ஃபிராங்க்ளினுக்கு இரண்டு. மார்வின் கேயை வைத்து வாய்த்தகராறே நடந்து நடுவர் வந்து பூட்டுப் போட்டார். அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவர் பாட்டைக் கேட்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள், பெயர்தான் பலருக்குத் தெரியாது. 'லீன் ஆன் மீ'யை ஏதோ பழைய தேவாலயப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

1938 ஜூலை 4-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. வளர்ந்தது பக்கத்தில் உள்ள பெக்லியில். சுரங்கத் தொழிலாளியான அப்பா, பையனுக்கு 13 வயதாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். பையனுக்குத் திக்குவாய் வேறு. அது சரியாக ஏறக்குறைய 28 வயது வரை ஆனது. பள்ளிப் பருவம் முடியும் முன்பே கடற்படையில் சேர்ந்து 9 வருடம் விமான மெக்கானிக் வேலை. வெளியே வந்து பால் வண்டி ஓட்டினார், தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். 1967-ல் லாஸ் ஏஞ்சலஸ் போனார். அங்கேயும் பட்டறை வேலைதான்: போயிங் 747 விமானங்களுக்குக் கழிவறை இருக்கை செய்வது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதிரிப் பாட்டுகளைப் பதிவுசெய்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்.

முதல் ஆல்பம் 1971-ல் வந்தபோது வயது 32. ஓட்டிஸ் 26 வயதில் விமான விபத்தில் போனவர். சாம் குக் 33-ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். மற்றவர்கள் கதை முடிந்துபோன வயதில் இவர் கதை தொடங்குகிறது. கடைசி ஆல்பம் 1985. பாடியது 14 வருடம். அதற்குப் பிறகு பாடாமல் இருந்தது 35 வருடம். 2020 மார்ச் 30-ல் இதய நோயால் இறந்தார், 81 வயது. சேதி ஏப்ரல் 3-ல்தான் வெளியே வந்தது. அப்போது ஊரடங்கு. மருத்துவமனை ஊழியர்களுக்காகப் பல ஊர்களில் ஜனங்கள் 'லீன் ஆன் மீ' பாடிக்கொண்டிருந்தார்கள். எழுதியவர் போன சேதி அந்தப் பாட்டுக்கு நடுவில் வந்தது.

எனக்கு அவரிடம் பிடித்தது, எதையெல்லாம் போடாமல் விட்டார் என்பதுதான். 'ஏன்ட் நோ சன்ஷைன்' இரண்டு நிமிடத்துக்கு ஒரு துளி மேலே. முன்னிசை கிடையாது, எடுத்த எடுப்பில் குரல். ஒருத்தி வீட்டில் இல்லை, வெளிச்சமும் இல்லை. சேதி அவ்வளவுதான். மூன்றாவது சரணம் வரவேண்டிய இடத்தில் 'ஐ நோ' என்பதையே 26 முறை சொல்கிறார். அங்கே வேறு வரிகள் எழுதுவதாகத்தான் இருந்தார். ஸ்டுடியோவில் இருந்தவர்கள் "அப்படியே விடு" என்றிருக்கிறார்கள். அவர்களும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. தயாரிப்பு புக்கர் டி. ஜோன்ஸ், கிடார் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ், பேஸ் கிடார் டொனால்ட் 'டக்' டன், டிரம்ஸ் ஆல் ஜாக்சன் ஜூனியர். எதிரே பாடகர் கிரஹாம் நாஷ் உட்கார்ந்து தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறையிலிருந்து வந்த மனிதர், தொழில் தெரிந்தவர்கள் சொன்னால் சரி என்று விட்டுவிட்டார்.

இன்னொரு கூத்து: அது 'ஹார்லெம்' என்ற பாட்டின் இசைத்தட்டில் மறுபக்கத்தை நிரப்பப் போட்டது. வானொலி ஆட்கள்தான் தட்டைத் திருப்பிப் போட்டு அதைத் தூக்கிவிட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் 3-ஆம் இடம், அப்புறம் கிராமி விருது. பாட்டு தங்கத் தட்டு அளவுக்கு விற்றதும் கம்பெனி அவருக்குத் தங்க நிறத்தில் ஒரு கழிவறை இருக்கையைப் பரிசாகக் கொடுத்தது.

பிடித்தது பிடிக்காதது எல்லாம் எழுதுங்கள்.

கரிசல்காற்று:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் சார். ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு குறுக்குக் கேள்வி. இவரைச் சோல் பாடகர் என்று சொல்வது சரிதானா?

எனக்குச் சோல் என்றால் தேவாலயத்தில் கத்திக் கத்திப் பழுத்த குரல். சாலமன் பர்க், வில்சன் பிக்கெட். சட்டை நனைய வேண்டும், முட்டி போட வேண்டும், பாட்டு முடிந்த பிறகும் முடியக் கூடாது. இவர் ஸ்டூலில் உட்கார்ந்து மரக் கிடாரை மீட்டுகிறார். கண்ணை மூடிக் கேட்டால் ஃபோக் பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறது. மோசம் என்று சொல்லவில்லை. இந்தப் பிரிவில் ஏன் என்றுதான் கேட்கிறேன்.

மின்மினி:

வந்துட்டார்யா எல்லைக் காவல்படை :)

ஒலிநாடா:

கரிசல், அந்த முதல் ஆல்பத்தின் பக்கவாத்தியத்தைக் கவனியுங்கள். புக்கர் டி., டன், ஆல் ஜாக்சன் மூவரும் மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் கம்பெனியின் ஆஸ்தான வாத்தியக்காரர்கள். உங்கள் ஓட்டிஸின் பாட்டுகளுக்கு வாசித்ததும் அதே கைகள்தான். அந்தக் கைகளுக்கு விதர்ஸ் அந்நியமாகத் தெரியவில்லை. உங்களுக்குத்தான் தெரிகிறது.

முதல் நாள் ஸ்டுடியோவுக்கு வந்த விதர்ஸ், புக்கர் டி.யிடம் "இந்தப் பாட்டையெல்லாம் யார் பாடப்போகிறார்கள்?" என்று கேட்டாராம். "நீங்கள்தான்" என்று பதில். தன்னைப் பாடகர் என்று நினைக்காமலே வந்த மனிதரிடம் போய் முட்டி போடச் சொன்னால் எப்படி?

யாழ்நிலவன்:

வணக்கம். கரிசல் அண்ணை கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் விடை அவர் வளர்ந்த இடத்தில் இருக்கிறது.

கறுப்பர் குடியிருப்பும் வெள்ளையர் குடியிருப்பும் சந்திக்கிற எல்லையில்தான் தங்கள் வீடு இருந்தது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கத்தால் கன்ட்ரி என்கிற வெள்ளையரின் கிராமிய இசை கேட்கும், தேவாலயத்தில் கோஸ்பல் என்கிற பக்திப் பாட்டு. இரண்டும் ஒரே காதுக்குள் போனபடியால்தான் குரல் இப்படி வந்திருக்கிறது. இரண்டில் ஒன்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சோல் என்று சொல்ல முடியாது.

தேவாலயம் வேணும் என்றால் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' கேளுங்கோ. அம்மம்மா லூலாவைப் பற்றிய பாட்டு. இரண்டே நிமிசம். ஞாயிறு காலையில் கோயிலில் தட்டின கை, விழப்போகும்போது தாங்கின கை, அடி வாங்காமல் காப்பாற்றின கை. மனிசியின் முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, முழுக்கக் கை மட்டும்தான். கீழே காலால் தட்டுகிற மாதிரி ஒரு தாளம் போய்க்கொண்டிருக்கும். எனக்கு அது போதும், முட்டி போடத் தேவையில்லை.

1972 அக்டோபர் 6-ஆம் தேதி நியூயோர்க் கார்னகி ஹாலில் அவர் பாடின பதிவில், இந்தப் பாட்டுக்கு முன்னம் அம்மம்மாவையும் அவ போன கோயிலையும் பற்றிக் கொஞ்சநேரம் கதைப்பார். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். திக்குவாயோடு வளர்ந்த ஆள் என்று சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்.

வெள்ளைக்கட்டை:

நான் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறவள். 'லீன் ஆன் மீ' இல்லாமல் என் பிழைப்பு ஓடாது. அதனால் அந்தப் பாட்டைப் பற்றி மட்டும்.

முதல் ஆல்பத்தின் காசில் விதர்ஸ் ஒரு சிறிய வுர்லிட்சர் மின் பியானோ வாங்கினார். பியானோ தெரியாது. சும்மா விரலை வைத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது வந்த மெட்டு இது. விரலை மாற்றவே வேண்டாம், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று மேலே போய் அப்படியே திரும்பி வருவதுதான் என்று அவரே சொன்னார்.

வாசித்துப் பாருங்கள். ஸ-வில் மூன்று விரலை வைத்து ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடியுங்கள். கை அமைப்பைக் கலைக்காமல் ரி, க, ம என்று பக்கத்துக் கட்டைகளுக்கு நகருங்கள். வந்த வழியே இறங்குங்கள். கறுப்புக் கட்டை தேவையே இல்லை. இசைப்பள்ளியில் இப்படி எல்லா விரலும் ஒரே திசையில் நகர்ந்தால் ஆசிரியர் காதைத் திருகுவார். அடுத்தடுத்த கார்டுகள் இப்படி ஒட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது பாலபாடம். படித்தவர் யாரும் இந்தப் பாட்டை எழுதியிருக்க மாட்டார். மனதில் பட்டிருந்தாலும் கை வெட்கப்பட்டு நின்றிருக்கும்.

மேடை பயம் உள்ள பிள்ளைக்கு முதலில் இதைத்தான் கொடுப்பேன். மெட்டு எங்கேயும் தாவுவதில்லை. அடுத்த படி, அடுத்த படி, அவ்வளவுதான். குரலே இல்லாதவர்கூடக் கும்பலில் நின்று பாடிவிடலாம். ஊரடங்கில் பால்கனியில் நின்றவர்கள் ஏன் இதை எடுத்தார்கள் என்பதற்கு வரிகள் பாதிக் காரணம் என்றால் இந்த ஸரிகம பாதிக் காரணம்.

நடுவில் ஒரு பகுதி வரும். பியானோ நின்றுவிடும், பேஸும் கைத்தட்டலும் மட்டும். கூப்பிடு, வருகிறேன் என்று சொல்கிற இடம். கோயில் வாசலுக்கு வந்துவிட்டோம் என்று அங்கே தெரியும். கரிசல் சார் அங்கேயாவது சோல் பட்டம் கொடுப்பாரா?

கரிசல்காற்று:

கைத்தட்டலுக்கு அரை மார்க்.

ஒலிநாடா:

மேடம், அந்தக் கைகலையாத விரல் விஷயம் பிரமாதம். இன்றைக்கு எங்கள் வீட்டுப் பெட்டியில் தட்டிப் பார்த்தேன், நிஜம்தான்.

அந்தப் பாட்டு பற்றி இன்னொன்று. லாஸ் ஏஞ்சலஸில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாத வாழ்க்கை. சுரங்க ஊரில் அப்படிக் கிடையாது. ஒருவர் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அந்த நினைவில் எழுதியது என்று சொல்லியிருக்கிறார். அலபாமாவில் கார் டயர் வெடித்து, மாற்று டயர் இல்லாமல் நின்ற கதையும் சொல்வார். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார், பார்த்தார், திரும்பிப் போனார். கறுப்பர் ஒருவருக்கு அன்றைய அலபாமாவில் அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியாத நிமிடம். அவர் ஒரு டயரோடு திரும்பி வந்து, மாட்டியும் கொடுத்துவிட்டுப் போனார்.

1972 ஜூலையில் மூன்று வாரம் முதல் இடத்தில் இருந்தது. 1987-ல் கிளப் நூவோ என்ற குழு வேறு தாளத்தில் பாடி மறுபடியும் முதல் இடம். அதற்கும் எழுதியவர் என்ற முறையில் விதர்ஸுக்குக் கிராமி கிடைத்தது. அப்போது அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்!

மின்மினி:

எங்க செட்டுக்கு விதர்ஸ் பின்வாசல் வழியாத்தான் வந்தார். 1996-ல் பிளாக்ஸ்ட்ரீட் குழுவின் 'நோ டிகிட்டி'. அதில் சுற்றிச் சுற்றி வரும் அந்த 'ம்ம்ம்' முனகல் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' தொடக்கத்தில் இருந்து வெட்டி எடுத்தது. ரெண்டு வருஷம் கழிச்சு வில் ஸ்மித் 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' மெட்டை எடுத்துத் தன் மகனுக்காகப் பாடினார். மைக்கேல் ஜாக்சன் சின்னப் பையனாக இருக்கும்போதே 'ஏன்ட் நோ சன்ஷைன்' பாடிட்டார். ஒரு பாட்டியின் கையைப் பற்றிய பாட்டு கிளப்பில் ஆடுற பாட்டுக்கு அடித்தளம் ஆனதை நினைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்.

அந்த முனகல் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். மூன்று நொடிகூட இருக்காது. அதைக் கேட்டதும் இன்னார் குரல் என்று தெரிகிறது. எத்தனை பேருக்கு அப்படி?

பழையபேப்பர்:

எல்லாரும் தேன் தடவி எழுதுகிறீர்கள். கொஞ்சம் கசப்பும் வேண்டும்.

முதல் பதிவில் "பாடாமல் இருந்தது 35 வருடம்" என்று ஏதோ துறவறம் போல எழுதியிருக்கிறீர்கள் ஒலிநாடா. பல பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. புகழை உதறிய ஞானி, பேராசை இல்லாதவர் என்று. நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் சசெக்ஸ் கம்பெனி. நடத்தியவர் கிளாரன்ஸ் அவான்ட். மற்ற கம்பெனிகள் கதவைச் சாத்தியபோது விதர்ஸை எடுத்தவர், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் கைக்காசு இல்லாத கம்பெனி. முதல் ஆல்பத்தை மூன்று முறையாகத்தான் பதிவு செய்தார்கள். நடுவில் பணம் இல்லாமல் ஆறு மாதம் நின்றது. பின்னால் பணத் தகராறு முற்றியது. கோபத்தில் தான் பதிவுசெய்து வைத்திருந்த ஒரு முழு ஆல்பத்தையே அழித்துவிட்டதாக விதர்ஸே சொன்னார். 1975-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

அடுத்தது கொலம்பியா. பெரிய இடம். அங்கே இருந்தவர்களுக்கு இவரை என்ன செய்வதென்றே புரியவில்லை. எல்விஸ் பிரெஸ்லி பாடிய 'இன் தி கெட்டோ'வைத் திரும்பப் பாடச் சொன்னார்களாம்! சொந்தமாகப் பாட்டெழுதும் கறுப்பரிடம், சேரி வாழ்க்கை பற்றி வெள்ளைக்காரர் பாடிய பாட்டைப் பாடு என்று. 1978-ல் ஓர் ஆல்பம். அடுத்தது 1985. நடுவில் ஏழு வருடம் அவர் கொடுத்த பாட்டுகளை நிறுவனம் ஏற்கவில்லை.

அந்த ஏழு வருடத்தில் பாட்டு வற்றிவிட்டதா? 1981-ல் 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' அமெரிக்காவில் 2-ஆம் இடம், கிராமி. ஆனால் அது சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ஆல்பத்தில், வேறு கம்பெனியில் வந்தது. சொந்தக் கம்பெனி வேண்டாம் என்ற குரலை வெளியே எல்லாரும் வீட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1980-ல் குருசேடர்ஸ் குழுவோடும் இப்படி ஒன்று.

இதற்குப் பெயர் ஓய்வா? தொழிலாளி வேலைக்குத் தயாராக வாசலில் நிற்கிறான், கதவைத் திறக்கவில்லை. பிறகு அவன் போனதும் "என்ன ஒரு பற்றற்ற மனிதர்" என்று மாலை போடுகிறோம்.

ஒலிநாடா:

பழையபேப்பர், நீங்கள் சொன்ன சம்பவம் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கணக்கு 1985-ல் முடிந்துவிடுகிறது. நான் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஒப்பந்தம் முடிந்தது, கட்டு அவிழ்ந்தது. 1987-ல் 'லீன் ஆன் மீ' மறுபடி முதல் இடம். 1988-ல் 'லவ்லி டே'யை யாரோ மெருகேற்றிப் போட, பிரிட்டனில் 4-ஆம் இடம், அசல் வந்தபோது கிடைத்ததைவிட மேலே. எந்தக் கம்பெனியும் சிவப்புக் கம்பளம் விரித்திருக்கும். அவர் வரவில்லை. மனைவி மார்சியா பாட்டுரிமை வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார். குடும்பம் நடந்தது. 2009-ல் அவரைப் பற்றி 'ஸ்டில் பில்' ஆவணப்படம் வந்தது, 2015-ல் ஸ்டீவி வொண்டர் கையால் ராக் அண்ட் ரோல் புகழ்மன்ற கௌரவம். அப்போதும் இனி ஓர் ஆல்பம் போடுவோம் என்று கிளம்பவில்லை.

ஆரம்பத்தையும் பாருங்கள். இசைக்கு வர அவருக்குத் தோன்றியதே ஓக்லாந்தில் ஒரு விடுதியில். அன்றைக்கு லூ ராவ்ல்ஸ் பாட வேண்டும், நேரமாகியும் ஆளைக் காணோம். "வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வர மாட்டேன் என்கிறார்" என்று உரிமையாளர் புலம்பினார். விதர்ஸுக்கு அப்போது மணிக்கு 3 டாலர் கூலி. கொஞ்ச நேரத்தில் ராவ்ல்ஸ் வந்தார், பெண்கள் எல்லாம் அவரையே பார்த்தார்கள். போய் ஒரு கிடார் வாங்கினார் நம் ஆள். கலைத்தாகம், பிறவிப்பயன் எல்லாம் கிடையாது. நல்ல கூலி கிடைக்கும் வேலை என்று வந்தார். வேலையிடத்தில் மரியாதை இல்லை என்று ஆனதும் போய்விட்டார். நான் சொன்னது துறவறம் இல்லை. தொழில் தெரிந்தவனுக்கு இருக்கிற ரோஷம்.

யாழ்நிலவன்:

முதல் ஆல்பத்தின் அட்டையை ஒருக்கால் பாருங்கோ. வேலைத்தலத்தின் செங்கல் சுவரோடு நிற்கிறார். சாதாரண உடுப்பு, கையில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி. அது படத்துக்காகக் கொடுத்த பெட்டி இல்லை. பர்பாங்கில் வீபர் ஏர்கிராஃப்ட் என்ற அந்தத் தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்த படம். ஆல்பம் வரப்போகுது, ஆனாலும் வேலையை விடவில்லை, இசைத்தொழிலை நம்ப முடியாது என்று. ஒலிநாடா அண்ணை சொல்கிற ரோஷமும் பழையபேப்பர் சொல்கிற சந்தேகமும் இரண்டும் அந்தப் படத்துக்குள்ளேயே நிற்குது. முதலாளி கையை விரித்தால் திரும்பிப் போக அவருக்கு ஒரு பட்டறை இருந்தது.

இன்னொன்று எழுத மறந்துபோகும் முன்னம் சொல்லிவிடுகிறேன். அதே கார்னகி ஹால் பதிவில் 'ஐ கான்ட் ரைட் லெஃப்ட்-ஹேண்டட்' என்று ஒரு பாட்டு. வியட்நாம் போரில் வலது கையை இழந்த ஒரு பெடியனைச் சந்தித்ததில் இருந்து எழுதினது. பாட்டு முழுக்க ஒரு கடிதம். தனக்கு இடக்கையால் எழுத வராது, யாராவது அம்மாவுக்கு எழுதித் தாங்கோ என்று அவன் கேட்கிறான். தம்பியை இராணுவத்துக்கு எடுக்காமல் தள்ளிப்போட வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கோ, போதகரைச் செபிக்கச் சொல்லுங்கோ. இப்படிச் சின்னச் சின்னச் சேதிகள். போர் ஒழிக என்று ஒரு கோஷம் இல்லை. அரசாங்கத்தின் பெயர்கூட இல்லை. மெல்லத் தொடங்கி, பின்குரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் மண்டபம் முழுக்க ஒரு கோயிலாக மாறிவிடும்.

போருக்குள் வளர்ந்த எங்கட ஆக்களுக்கு இந்தப் பாட்டை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தம்பியைப் பற்றின அந்த வரி வரும்போது நான் வழக்கமாகக் காரை ஓரம் கட்டிவிடுவேன்.

மின்மினி:

நிலவன் அண்ணா, இப்போதான் கேட்டேன். ஒண்ணும் எழுத வரல.

கரிசல்காற்று:

நானும் கேட்டேன். சரி, அது சோல். வாயை மூடிக்கொள்கிறேன்.

முழுக்க மூடவில்லை. 'லவ்லி டே'க்கு வாருங்கள். கடைசியில் ஒரே சுரத்தை 18 நொடி பிடித்து நிற்கிறார். ஆடம்பரமே இல்லாத மனிதர் என்றீர்களே, இது வித்தை காட்டுவதில்லையா?

வெள்ளைக்கட்டை:

வித்தைதான், சந்தேகமில்லை. ஆனால் எப்படிப்பட்ட வித்தை என்று கேளுங்கள் சார். கமகம் இல்லை, உச்சத்துக்குத் தாவல் இல்லை, முடிவில் ஓர் உருட்டல்கூட இல்லை. ஒரே சுரம், நேர்க்கோடு. கீழே ஸ்கிப் ஸ்கார்பரோவோடு சேர்ந்து எழுதிய கார்டுகள் மாறிக்கொண்டே போகின்றன. அதனால் அசையாமல் நிற்கும் சுரம் ஒவ்வொரு கார்டின் மேலும் வேறு வேறு நிறம் காட்டுகிறது. அவர் சும்மா நிற்கிறார், மற்றதெல்லாம் அவரைச் சுற்றி நகர்கிறது. மற்றவர்கள் அந்த 18 நொடியில் ஐம்பது சுரம் போட்டிருப்பார்கள்.

ஒலிநாடா:

இதற்கு மேடையில் ஓர் உதாரணம் உண்டு. 1974 செப்டம்பர், ஆப்பிரிக்காவில் கின்ஷாசா நகரம். முகமது அலி, ஃபோர்மன் குத்துச்சண்டையை ஒட்டி மூன்று நாள் இசைவிழா. ஜேம்ஸ் பிரவுன், பி.பி. கிங் எல்லாம் வந்திருக்கிறார்கள். கொம்பு வாத்தியமும் ஆட்டமும் பளபளப்பு உடையுமாக மேடை அதிர்கிறது. அதே மேடையில் விதர்ஸ் தனியாக உட்கார்ந்து, கிடாரோடு 'ஹோப் ஷீ'ல் பி ஹாப்பியர்' பாடுகிறார். தன்னை விட்டுப்போனவள் அவனோடாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்கிற பாட்டு. அந்த விழாவைப் பற்றிய 'சோல் பவர்' ஆவணப்படத்தில் அது இருக்கிறது. பெரிய கூட்டத்துக்கு முன்னால் குரலை உயர்த்தாமலே பாடி முடிக்கிறார். பிரவுனை எனக்கு உயிர். ஆனால் அந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

பழையபேப்பர்:

சண்டை போட வந்தவனை மாலை கட்ட வைத்துவிட்டீர்கள். ஆனாலும் என் பக்கத்தை விடமாட்டேன். ரோஷம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 40-லிருந்து 47 வரை ஒரு பாட்டாசிரியரின் நல்ல வயது. அந்த ஏழு வருடத்தில் நமக்கு வராமல் போன பாட்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது? ரோஷத்தைப் பாராட்டும்போது, ரோஷப்பட வைத்தவர்களையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அதுதான் நான் கேட்பது.

மின்மினி:

புதுசா கேட்கிறவங்களுக்கு எதிலிருந்து ஆரம்பிக்கணும்னு யாராவது சொல்லுங்கப்பா. ரெண்டு மூணு பாட்டு தவிர எனக்கு எதுவும் தெரியாது.

கரிசல்காற்று:

நான் சொல்கிறேன், புதிதாக மதம் மாறியவன் என்ற உரிமையில். கார்னகி ஹால். அதில் 'யூஸ் மீ'. ஜேம்ஸ் காட்சன் டிரம்ஸில் உட்கார்ந்திருக்கிறார். தாளம் நடக்கிறது என்பதைவிட நொண்டி நொண்டி ஆடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டு முடிகிறது, சபை விடவில்லை, மறுபடி அதே பாட்டைத் தொடங்குகிறார்கள். முடிந்த பிறகும் முடியாத பாட்டு வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்டேன் அல்லவா, கிடைத்துவிட்டது. கடைசியில் 'ஹார்லெம்' பாட்டை இன்னொன்றோடு கோத்து 13 நிமிடம் வாசிக்கிறார்கள். வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டுக் கைவிட்ட அதே பாட்டு.

பழையபேப்பர்:

அப்புறம் மொத்தமும் வேண்டும் என்றால் சசெக்ஸ், கொலம்பியா இரண்டு கம்பெனிப் பதிவுகளையும் சேர்த்து 2012-ல் ஒரு பெட்டி வந்தது. 2014-ல் அதற்கும் கிராமி. எட்டு ஸ்டுடியோ ஆல்பம், ஒரு கார்னகி ஹால், ஆக ஒன்பது தட்டு. முதல் இரண்டையும் கார்னகி ஹாலையும் முதலில் முடியுங்கள் மின்மினி. 'லவ்லி டே'க்காக 1977-ல் வந்த 'மெனாஜரி'. மற்றவை மெல்ல வரட்டும். 1985 தட்டிலிருந்து மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அதில் கம்பெனியின் கைதான் அதிகம் கேட்கும்.